விற்றுவிட்ட பையன் வென்று வந்த கோப்பை!

பெரிய ஆட்டக்காரர் வேண்டும் என்று ஆசைப்பட்டு, 20 வயதுப் பையன் ஒருவரை விற்றது ஓர் அணி. பையன் மட்டுமா? இனி வரப்போகும் வருஷங்களில் தன் வீட்டுக்கு வரவேண்டிய பையன்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது.

ஆறு வருஷம் ஓடியது. வாங்கிய பெரியவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். விற்றுவிட்ட பையன் இன்னொரு ஊரில் கோப்பையோடு நின்றார்!

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் நடந்த வியாபாரம் இது. பந்தாட்டம் தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு புரியும். கடையில் முதல் போட்டவருக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

நள்ளிரவு பேரம்

2019-ம் ஆண்டு ஜூலை 5. இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த ஊருக்கு லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் என்று இரண்டு அணிகள். லேக்கர்சிடம் கோப்பைகள் வரிசையாக இருந்தன. கிளிப்பர்சோ அதுவரை இறுதிப் போட்டியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதன் முதலாளி ஸ்டீவ் பால்மர், மைக்ரோசாப்ட் கம்பெனியின் முன்னாள் தலைவர். பணத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் கோப்பைக்குத்தான்.

அந்த ஜூன் மாதம்தான் டொரன்டோ அணிக்குக் கோப்பை வாங்கித் தந்திருந்தார் கவாய் லெனார்டு. அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எந்த அணிக்கும் போகலாம். கிளிப்பர்ஸ் அவரை மடக்கப் பார்த்தது. ஆனால் ஒற்றை ஆளாக வருவதற்கு அவருக்கு மனசில்லை. துணைக்கு இன்னொரு பெரிய ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆள்தான் பால் ஜார்ஜ். வயது 29. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில் ஆட்டத்துக்குச் சராசரி 28 புள்ளி எடுத்து முடித்திருந்தார். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அவரே தண்டர் நிர்வாகத்திடம் போய், ‘என்னை அங்கே அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்டுவிட்டார்.

போகிற ஆளைக் கட்டிப் போட முடியாது. ஆனால் விலை சொல்ல முடியுமே! தண்டரின் ஜெனரல் மானேஜர் சாம் பிரெஸ்டி விலையைச் சொன்னார். டனிலோ கலினாரி என்ற அனுபவசாலி ஒருவர். ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற பையன். ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள். இரண்டு இடமாற்று உரிமைகள்.

கிளிப்பர்ஸ் தலையாட்டியது. நள்ளிரவில் செய்தி வெடித்தது. ஒரே ராத்திரியில் இரண்டு நட்சத்திரங்கள்! இருவரும் அந்தத் தெற்கு கலிபோர்னியாப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு. லாஸ் ஏஞ்சல்சில் ஒரே கொண்டாட்டம். கோப்பை வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்று பேச்சு.

அது என்ன உரிமை?

‘பையனைக் கொடுத்தாங்க, சரி. உரிமைன்னா என்ன சார்?’ என்று கேட்கலாம்.

ஒவ்வொரு வருஷமும் காலேஜிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புதுப் பையன்கள் லீக்குக்கு வருகிறார்கள். 30 அணிகளும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்று ஆளுக்கு ஒருவராக எடுத்துக் கொள்கின்றன. இரண்டு சுற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போன சீசனில் நன்றாகத் தோற்றவருக்கு வரிசையில் முன்னிடம். நன்றாக ஜெயித்தவருக்குப் பின்னிடம். பலவீனமானவர் பிழைத்துக் கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர் வேண்டுமென்றே தோற்கலாம் அல்லவா? அதனால் 1985 முதல் அடிவரிசை அணிகளுக்குள் குலுக்கல் போடுகிறார்கள். எத்தனை தோற்றாலும் முதல் இடம் நிச்சயம் இல்லை.

இந்த வரிசை இடத்தை முன்கூட்டியே விற்கலாம். மூன்று வருஷம் கழித்து வரப்போகும் இடத்தை இன்றைக்கே விற்கலாம். விதைநெல்லை விற்று விருந்து சாப்பிடுகிற மாதிரிதான்.

அப்படி விற்றே ஓர் அணி அழிந்த கதையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் முதலாளி டெட் ஸ்டெபியன், முதல் சுற்று உரிமைகளைக் கண்டபடி கொடுத்துத் தீர்த்தார். அவர் காலத்துக்குச் சற்று முன்பே கைமாறிப் போயிருந்த 1982 உரிமை என்ன ஆயிற்று தெரியுமா? அது அந்த வருஷத்தின் முதல் இடமாக விழுந்தது. லேக்கர்ஸ் அதில் ஜேம்ஸ் வொர்தியை எடுத்து, அவரை வைத்து மூன்று கோப்பை வென்றது!

லீக் தலையிட்டது. வரும் வருஷங்களில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டு முதல் சுற்று உரிமைகளை விற்கக் கூடாது என்று விதி வந்தது. இன்றைக்கும் அதற்கு ஸ்டெபியன் விதி என்றே பெயர்.

கிளிப்பர்ஸ் பத்திரத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கையில் வைத்திருந்த மியாமி அணியின் உரிமை இரண்டு போய்விட்டது. சொந்த உரிமையில் 2022, 2024, 2026 மூன்றும் போய்விட்டன. நடுவில் உள்ள 2023, 2025? அவற்றை விற்க விதி இடம் தராது. அதனால் ‘உன் இடம் நல்லதாக இருந்தால் மாற்றிக் கொள்வேன்’ என்று பிரெஸ்டி எழுதி வாங்கிக் கொண்டார். பலே கில்லாடி!

73 புள்ளி!

விதைநெல் கைக்கு வந்தது. அதற்காக அன்றே சோறு வெந்துவிடுமா?

பால் ஜார்ஜ் போன சில நாளில் தண்டரின் இன்னொரு நட்சத்திரமான ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் ஹூஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு வந்த கிறிஸ் பால் என்ற பழுத்த ஆட்டக்காரர் ஒரு சீசன் ஷே பக்கத்தில் நின்று ஆடினார். பிறகு அவரும் கைமாறினார். வீட்டில் மிஞ்சியது பையன்கள் மட்டுமே.

2020-21 சீசனில் 72 ஆட்டத்தில் 22 வெற்றி. இந்தியானா அணி ஓக்லஹோமாவுக்கே வந்து 152-95 என்று அடித்துவிட்டுப் போனது. அடுத்த சீசனில் 82 ஆட்டத்தில் 24 வெற்றி. 2021 டிசம்பர் 2-ந்தேதி மெம்பிஸ் அணியிடம் 152-79. ஷே காயத்தால் அன்றைக்கு ஆடவில்லை. 73 புள்ளி வித்தியாசம்! என்.பி.ஏ. வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய தோல்வியை அதற்கு முன் எந்த அணியும் கண்டதில்லை.

ஓக்லஹோமா சிட்டி சுமார் 7 லட்சம் பேர் வாழும் ஊர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி கடலும் சினிமாவும் இழுக்கும் இடம் இல்லை. ஒப்பந்தம் முடிந்த பெரிய ஆட்டக்காரர் தானாகக் கதவைத் தட்டுவது அபூர்வம். அப்படிப்பட்ட ஊருக்குப் பையனை வளர்ப்பதை விட்டால் வேறு வழி ஏது?

வளர்ப்பது என்றால் சும்மா விட்டுவிடுவதல்ல. தண்டருக்கு ‘ப்ளூ’ என்று ஒரு குட்டி அணி உண்டு. பெரிய ஆட்டத்துக்குத் தயாராகாதவர்களை அங்கே ஆட விடுவார்கள். அந்தக் குட்டி அணிக்கு ஐந்து வருஷம் கோச்சாக இருந்தவர் மார்க் டேக்னால்ட். 2020-ல் 35 வயதில் அவரையே பெரிய அணிக்குக் கோச் ஆக்கினார் பிரெஸ்டி. ஆட்டக்காரர்களை மட்டும் அல்ல, கோச்சையும் வீட்டிலேயே வளர்த்துக் கொண்டார்கள்! யாரும் தேர்வு செய்யாமல் விட்ட லூ டோர்ட், முரட்டுத் தடுப்பாட்டக்காரராக நிலைத்தது இந்தக் காலத்தில்தான்.

பன்னிரண்டாவது பையன்

இதற்குள் லாஸ் ஏஞ்சல்சில் என்ன நடந்தது?

2020-ல் டென்வரிடம் 3-1 என்று முன்னால் இருந்தும் கிளிப்பர்ஸ் கோட்டைவிட்டது. 2021-ல் முதல் தடவையாக மேற்குப் பிரிவு இறுதிக்கு வந்தது. ஆனால் அதற்கு முந்தின சுற்றிலேயே லெனார்டின் முழங்கால் போய்விட்டது. பீனிக்சிடம் தோல்வி. அடுத்த சீசன் முழுக்க லெனார்டு ஆடவே இல்லை. அணி முக்கியச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

சாதாரணமாக இதில் ஓர் ஆறுதல் இருக்கும். தோற்றாலும் குலுக்கலில் நல்ல இடம் வரும். கிளிப்பர்சுக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2022-ம் வருஷத்து இடம்தான் விற்கப்பட்டுவிட்டதே! தோற்றது கிளிப்பர்ஸ். பலன் தண்டருக்கு.

அந்த இடம் 12-வதாக விழுந்தது. தண்டர் அதில் ஜேலன் வில்லியம்ஸ் என்ற பையனை எடுத்தது. சாந்தா கிளாரா என்ற சின்னக் காலேஜில் ஆடியவர். பெரிய பேச்சு எதுவும் இல்லை. அதே வருஷம் தன் சொந்தத் தோல்விகளால் கிடைத்த 2-வது இடத்தில் செட் ஹோல்ம்கிரன் என்ற ஏழடிப் பையனையும் எடுத்தது. அவர் ஆகஸ்டில் ஒரு காட்சி ஆட்டத்தில் பாதத்தை உடைத்துக் கொண்டு, முதல் சீசன் முழுவதும் உட்கார்ந்தார். அதற்கும் பொறுத்துக் கொண்டார்கள்.

பிறகு ஏறுமுகம்தான். 2022-23-ல் 40 வெற்றி. 2023-24-ல் 57. அடுத்த சீசனில் 68!

2025 ஜூன் 22. இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். தண்டர் 103, இந்தியானா 91. ஊருக்கு முதல் கோப்பை. அணியின் சராசரி வயது 26-ஐத் தொடவில்லை. ஷேக்கு அந்த ஒரே சீசனில் அதிகச் சராசரி, வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிப் போட்டி நாயகன் என்று மூன்று விருது. அவருக்கு முன்னால் இப்படி வாங்கியவர்கள் மூன்றே பேர்: கரீம் அப்துல் ஜப்பார், மைக்கேல் ஜோர்டன், ஷகீல் ஓ’நீல்.

ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி அடித்துத் திருப்பம் தந்தவர் யார்? அந்தப் பன்னிரண்டாவது பையன் ஜேலன் வில்லியம்ஸ்!

பால் ஜார்ஜ்? 2024 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்ததும் 4 வருஷத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல் பேசி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். கிளிப்பர்சுக்குப் பதிலுக்கு ஒரு ஆணிகூட இல்லை. வில்லியம்ஸ் கோப்பை வென்ற சீசனில் அவர் சம்பளம் 50 லட்சம் டாலருக்கும் குறைவு. அதே சீசனில் ஜார்ஜின் சம்பளம் 4 கோடியே 90 லட்சம் டாலர். அவர் ஆடியது 41 ஆட்டம்!

வாங்கினவர் எல்லாம் ஏமாளியா?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடையில் முற்றிய சரக்கு வாங்கி லாபம் பார்த்தவர்களும் உண்டு.

2018-ல் டொரன்டோ, ஒன்பது வருஷம் தன்னிடம் ஆடி ஊரே கொண்டாடிய டெமார் டெரோசனைக் கொடுத்து லெனார்டை வாங்கியது. ஒரே சீசன்தான் அவர் இருந்தார். கோப்பை கிடைத்தது. போட்ட முதல் வந்துவிட்டது. 2019-ல் லேக்கர்ஸ் மூன்று இளைஞர்களையும் உரிமைகளையும் கொடுத்து ஆன்டனி டேவிசை வாங்கியது. 2020-ல் கோப்பை.

அதே முறையில் கையைச் சுட்டுக் கொண்ட கதை புரூக்ளின். 2013-ல் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்சையும் பாஸ்டனிடம் வாங்கியது. அதற்காகக் கொடுத்த உரிமைகளின் வழியில் பாஸ்டனுக்குக் கிடைத்தவர்கள் ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம். அவர்களை வைத்து 2024-ல் பாஸ்டன் கோப்பை வென்றது.

லேக்கர்ஸ் வாங்கும்போது டேவிசுக்கு வயது 26. வீட்டில் லெப்ரான் ஜேம்ஸ் என்ற தூண் ஏற்கெனவே நின்றது. புரூக்ளின் வாங்கியதோ இலையுதிர்ந்த மரங்களை. வித்தியாசம் அங்கேதான்.

தோற்றுக் கொண்டே இருந்தால் போதுமா?

வளர்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பிலடெல்பியா 2013 முதல் மூன்று சீசன் தோற்றுத் தோற்றுப் பையன்களைச் சேர்த்தது. மூன்றாவது சீசனில் 82 ஆட்டத்தில் 10 வெற்றி! ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் ஆட்டக்காரர் கிடைத்தார். இருந்தும் 2025 வரை இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. இலவு காத்த கிளிதான்.

தண்டரே ஒரு தடவை சுட்டுக் கொண்டது. கெவின் டுராண்ட், வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரையும் 2007 முதல் 2009-க்குள் அடுத்தடுத்து எடுத்து வளர்த்தவர் இதே பிரெஸ்டி. 2012-ல் இறுதிப் போட்டிக்கே வந்தார்கள். மியாமியிடம் தோல்வி. சில மாதத்தில் சம்பளத் தகராறில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். 2016-ல் டுராண்ட் போனார். மூவரும் பின்னால் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்கள். ஆனால் மூவரையும் வளர்த்த வீட்டுக்குக் கோப்பை இல்லை!

அந்த அடி வாங்கிய மானேஜர் இரண்டாம் தடவை என்ன செய்தார்? பையன்கள் தோற்ற வருஷங்களில் பொறுமையாக இருந்தார். ஜெயிக்க ஆரம்பித்ததும் பொறுமையைச் சுருட்டி வைத்துவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். 2024-ல் டல்லாசிடம் இரண்டாம் சுற்றில் தோற்ற அடுத்த மாதம், தானே 6-வது இடத்தில் எடுத்து வளர்த்த ஜாஷ் கிட்டியை சிகாகோவுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வாங்கியது அலெக்ஸ் கருசோ என்ற 30 வயதுத் தடுப்பாட்டக்காரரை. உடனே ஐசையா ஹார்டன்ஸ்டைன் என்ற உயரமான ஆளுக்கு 3 வருஷத்துக்கு 8 கோடியே 70 லட்சம் டாலர். இருவருமே போஸ்டரில் முகம் போடும் நட்சத்திரங்கள் அல்ல. பையன்களிடம் இல்லாத சரக்கு எது என்று பார்த்து, அதை மட்டும் வாங்கினார்.

எதிர்க் கடையிலும் அதே ஏடு

இறுதிப் போட்டியில் தோற்ற இந்தியானாவின் ஏட்டைப் புரட்டினாலும் முதல் வரியில் இருப்பது பால் ஜார்ஜ்தான்! 2017-ல் அவரைத் தண்டருக்கு விற்றது இந்தியானா. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் சபோனிஸ். அவர் பெரிய ஆளாக வளர்ந்ததும், 2022 பிப்ரவரியில் அவரை சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து 21 வயது டைரீஸ் ஹாலிபர்டனை வாங்கினார்கள். அவரைச் சுற்றி அணி நிமிர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து பாஸ்கல் சியாகம் என்ற நட்சத்திரத்தை வாங்கினார்கள். முதலில் பையன், பிறகு பெரியவர். வரிசை மாறவில்லை. ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹாலிபர்டனின் குதிகால் நரம்பு அறுந்தது. அதற்கு எந்த மானேஜரிடமும் மருந்து இல்லை.

கடை பில்லில் ஒரு சென்ட்

இதெல்லாம் முதலாளிகள் விளையாட்டு, ஊருக்கு என்ன என்று தோன்றலாம். 2023 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். தண்டருக்குக் குறைந்தது 90 கோடி டாலரில் புது அரங்கம் கட்ட, ஒரு டாலர் வியாபாரத்துக்கு ஒரு சென்ட் வீதம் ஆறு வருஷம் விற்பனை வரி. நூற்றுக்கு 71 பேர் ‘சரி’ என்றார்கள். முதலாளிகள் பங்கு 5 கோடி டாலர். அணி 2050 வரை ஊரை விட்டுப் போகாது என்பது ஒப்பந்தம்.

ஆக, அங்கே சோப்பு வாங்குகிறவரும் இந்த அணிக்கு ஒரு பங்குதாரர்தான். 73 புள்ளியில் தோற்றபோதும் டிக்கெட் வாங்கியவர் அவர். ‘எப்போ நிமிருவாங்க?’ என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அடுத்த தலைவலி

வளர்ந்த பையன் சம்பளம் கேட்பான். 2025 ஜூலையில் ஷேக்கு 4 வருஷத்துக்கு 28 கோடியே 50 லட்சம் டாலர் எழுதினார்கள். ஹோல்ம்கிரனுக்கு 5 வருஷத்துக்கு 25 கோடி வரை. வில்லியம்சுக்கு 5 வருஷத்துக்கு 28 கோடியே 70 லட்சம் வரை. மூன்றும் சேர்ந்தால் 80 கோடி டாலரைத் தாண்டக்கூடும். 2023-ல் வந்த லீக் ஒப்பந்தப்படி சம்பளப் பட்டியல் மேல்கோட்டைத் தாண்டினால் வியாபாரத்துக்கே கைவிலங்கு. இரண்டு ஆட்டக்காரர் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரியவரை வாங்கக்கூட முடியாது.

ஹார்டனைக் கொடுத்த அதே சம்பளக் கணக்கு மறுபடியும் பிரெஸ்டி மேஜைக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் கையில் கையிருப்பு இருந்தது. விலை குறைந்த புதுப் பையன்களை வருஷா வருஷம் எடுக்க உரிமைகள் அடுக்கி வைத்திருந்தார்.

அவற்றில் ஒன்று கிளிப்பர்ஸ் கொடுத்தது. பால் ஜார்ஜ் அந்த அணியை விட்டுப் போனது 2024-ல். அவருக்காக அது கட்ட வேண்டிய கடைசித் தவணையின் வருஷம் 2026!